கடைசி வெள்ளைக் கவுன்

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், நான் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊரில், பெண்கள் துணிக்கடையில் எல்லாமே பாதி விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக் கவுன் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தள்ளுபடியில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பொங்கல் கழிந்து அக்கா ஆன்சிக்குக் கல்யாணம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போகமுடியாத இடத்துக்கு இதுவாவது போகவேண்டும்.

வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா சைஸ் என்னம்மா?"

"அவளுக்கு எந்த ரெடிமேடு சேந்திருக்கு? தோளும் அகலம், ஒசரம் வேற. போன தடவ நீ அனுப்புனது தலையணைக்கு ஒறை தைக்கத்தான் ஆச்சு. போட்டுப் பாக்காம எடுக்காத மக்ளே."

அப்போதுதான் பார்த்தேன். பில் போடும் வரிசையில் ஒருத்தி எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். அதே தோள், அதே உயரம். ஒரு காலில் சாய்ந்து நிற்பதுகூட ஆன்சிதான். அந்த ஊர்ப் பாஷையில் தெரிந்த நாலு வார்த்தையை வைத்து, அக்காவுக்காக இதை ஒருதடவை போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டேன். என்னையும் கவுனையும் மாறி மாறிப் பார்த்தவள், தன் பையை என் கையில் கொடுத்துவிட்டு உடை மாற்றும் அறைக்குள் போனாள்.

கதவு திறந்தது. ஒரு தையல்கூட இழுக்கவில்லை. துணிகளைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டு விலகி நின்றார்கள். போனை அவள் பக்கம் திருப்பினேன்.

"எனக்க ஏசுவே! ஆன்சி எப்பம் மக்ளே அங்க வந்தா?"

நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போடும் அம்மாவின் கட்டைவிரல், திரையை நெருங்கி வந்தது. என்ன புரிந்ததோ, அந்தப் பெண் கண்களை மூடி, குனிந்து, தன் நெற்றியைப் போனுக்கு நேராகக் கொண்டுவந்தாள்.