கடைசி பெஞ்சு

"ஐயா, உங்க வேலையை எடைபோட இன்னைக்கு ஒருத்தர் வராராம். யாருன்னு தெரியல" என்று கிசுகிசுத்தார் கிளார்க்.

நீதிபதியின் பதவி உயர்வே அதில்தான் தொங்கியது. கடைசி பெஞ்சில் இஸ்திரி கலையாத சட்டையுடன் ஒருவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்தான்!

அன்று நீதிபதி யார்மீதும் எரிந்துவிழவில்லை. அழுத பெண்ணிடம்கூட, "பதறாம சொல்லும்மா, நேரமிருக்கு" என்றார். கடைசி பெஞ்சுக்காரர் தலையாட்டினார்.

மதியம், வீட்டைக் காலி செய்யும் வழக்கைக் கூப்பிட்டதும் கடைசி பெஞ்சுக்காரரே எழுந்து கூண்டுக்கு வந்தார்.

"நடுங்கிக்கிட்டேதான் வந்தேன்யா. எல்லார் பேச்சையும் நீங்க பொறுமையாக் கேட்டதைப் பார்த்துத்தான் தைரியமே வந்துச்சு. என் பக்கம் என்னன்னா..."

கிளார்க் நீதிபதியின் காதருகே குனிந்தார். "ஐயா, எடைபோட வர்றவரு நாளைக்குத்தான் வராராம்."

நீதிபதி நிமிர்ந்தார்.

"கதையெல்லாம் வேணாம். வீட்டைக் காலி பண்ணு. அடுத்தது யாருப்பா?"