நாலாம் வீட்டு ஈ

முள் மூன்று இருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். மூன்றேதான்.

பாத்ரூம் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே, தட்டினால் மாவு மாதிரி விரலில் அப்பிக்கொள்ளும் குட்டி ஈ, அதுதான். ஆண் ஈயின் வால்நுனியை மட்டும் வெட்டி, காரக் கரைசலில் ஊறவைத்து, ஊசியால் பிரித்து ஸ்லைடில் வைத்திருந்தேன். இதுகளை இறக்கையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே அச்சு. வாலில் இருக்கும் கொக்கிதான் அடையாளம்.

இந்த வகையில் இதுவரை பெயர் வைத்தவற்றில் கொக்கிக்கு இரண்டு முள்தான்.

ஒன்று ஊனமாகப் பிறந்திருக்கலாம். அதே குப்பியில் கிடந்த மற்ற ஆறு ஆண் ஈயையும் பிரித்தேன். ஆறிலும் மூன்று.

நாற்காலி கீழே விழுந்தது. நிமிர்த்தவில்லை. ஓடினேன்.

பேராசிரியர் டீ கிளாஸோடு வந்து குனிந்தார். ஏழு ஸ்லைடையும் பார்த்து முடிக்கும்வரை மூச்சு விட்டாரா என்றே தெரியவில்லை. டீ ஆடை கட்டிவிட்டது.

“முப்பது வருஷமா காடு காடா அலைஞ்சேன். அட்டைக்கு ரத்தம் குடுத்ததுதான் மிச்சம். நீ பாத்ரூம்ல புடிச்சுட்டு வந்து நிக்கிறியேம்மா!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

நகரத்து வீடுகளின் சாக்கடை ஈக்கள். இதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. காட்டுக்குப் போகக் காசில்லாதவள் எடுத்த தலைப்பு என்று மற்ற மாணவர்கள் கிண்டல் செய்தார்கள். உண்மைதான். அம்மா ஐந்து வீடுகளில் பாத்திரம் கழுவி, பாத்ரூம் தேய்க்கிறாள். பிரஷ்ஷோடு என் குப்பிகளையும் பையில் போட்டுக்கொண்டு போவாள். ஈயைப் பிடித்து ஆல்கஹாலில் போட்டு, துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே நுழைப்பாள். பேனா மை கரைந்துவிடும் என்று ஒரு தடவைதான் சொன்னேன். அதற்கப்புறம் தப்பே வரவில்லை.

அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வீட்டுக்காரர் பெயர் எங்கேயும் வரக்கூடாது. வீட்டில் பூச்சி என்று எழுதினால் எந்த வீட்டுக்காரிக்குப் பிடிக்கும்? மறுநாளே வேறு ஆள் வைத்துவிடுவாள். அதனால் ஒன்றாம் வீடு, இரண்டாம் வீடு என்று, அவள் வேலைக்குப் போகிற வரிசைதான்.

துறையில் நான் எல்லாமே சொந்தக்காரர் வீடு என்று சொல்லி வைத்திருந்தேன்.

பேராசிரியர் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அம்மாவின் சாய்ந்த எழுத்து. நாலாம் வீடு, பின்பக்கம்.

“நாலாம் வீடுன்னா எந்த வீடு?”

விலாசம், தேதி, பிடித்தவர் பெயர் மூன்றும் இல்லாத பூச்சி வெறும் குப்பை. அவரே முதல் வகுப்பில் சொன்னது. இன்னொருத்தர் அந்த இடத்துக்குப் போய் அதே ஈயைப் பிடிக்க முடியவேண்டும்.

இரண்டாம் வீடு என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அம்மாவின் வேலை பிழைக்கும். ஆனால் அங்கே இந்த ஈ கிடையாது, அந்த வீட்டுக் குப்பிகளை முன்பே பிரித்துப் பார்த்தாயிற்று. பொய்ச் சீட்டு ஒட்டிய ஈ நூறு வருஷத்துக்கு அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கும். எத்தனை பேர் அதை நம்பி அலைவார்கள்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கார் சாவியை எடுத்துவிட்டார்.

“உயிரோட வேணும். புழுவும் வேணும். வலையை எடு, வழி நீ சொல்லு.”

ஆய்வக அங்கியைக்கூடக் கழற்றாமல் தாழ்வாரத்தில் பாதி ஓட்டமாகப் போனார். எதிரே வந்த கிளார்க்கிடம், “யாரும் பாக்காத ஈ கெடைச்சிருக்குய்யா!” என்றார்.

“கடிக்குமா சார்?” என்றார் அவர்.

“கடிக்காதுய்யா!” என்று படியிலிருந்து கத்தினார்.

காரில் அவர் கை ஸ்டியரிங்கில் தாளம் போட்டது. என் நெஞ்சும் அதே வேகத்தில்தான் அடித்தது, சந்தோஷம் எது, பயம் எது என்று பிரிக்கமுடியாமல். வலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பல்கலைக்கழக வாசலில் நிறுத்தி என்னைப் பார்த்தார். இடமா, வலமா?

“நீங்க சாயங்காலம் வீட்டுக்குப் போற அதே வழிதான் சார், உங்க வாசல் வரைக்கும்,” என்றேன். “கொஞ்சம் வேகமாப் போங்க. பின்பக்க பாத்ரூமுக்கு எங்கம்மா ஆசிட் ஊத்துற நேரம்.”