பூட்டி வைத்த வீடு

மதியம் மூன்று மணி வெயில் ஆடிட்டரின் கண்ணாடி மேசையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. புது நாட்டுக்குக் குடிவந்த கணவன் மனைவிக்கு இது முதல் வருமான வரிக் கணக்கு. "ஊர்ல வீடு இருக்கா சார்?" "பூட்டி வச்சிருக்கோம்," என்கிறான் கணவன். ஆடிட்டரின் பேனா நிற்கிறது. "நெனச்சப்ப போய்த் தங்க வீடு காலியா இருந்தா, அந்த நாட்டுக் கணக்குலயும் நீங்க இன்னும் அங்க குடியிருக்கிறவர்தான். ஒரே சம்பளத்துக்கு ரெண்டு நாட்டுலயும் வரி கேப்பாங்க. ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடு." அவர் மட்டும் சிரிக்கிறார். "வாடகைக்கு விட்டுடுங்க. பாதித் தலைவலி போயிடும்." மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். கணவன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனில் ஊர் வீட்டுத் தரகரின் எண்ணைத் தேடுகிறான். ஜிப் சத்தம் நிற்கிறது. "ஏங்க, அப்ப நாம திரும்பிப் போகப் போறதில்லையா?"