விரல் காட்டிய வால் நட்சத்திரம்

சூரியனை நெருங்கிய வால் நட்சத்திரம் உடைந்து சிதறியிருக்கும் என்றே ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். அதன் பாதையைக் கணக்கிட்டு வந்த அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு சாயங்காலம் வெளிய வரும், பாரு" என்று தம்பியை மொட்டைமாடிக்கு இழுத்து வந்தாள். சுவர் மூலையில் முதுகு ஒட்ட நின்று, மேற்கே விரலை நீட்டினாள். "அங்கதான். தெரியுதா?"

"ஒண்ணையும் காணோம்க்கா. விட்டுத் தள்ளு."

"அவசரப்படாதே. இருட்டட்டும்."

வானம் கறுத்தது. அவள் விரல் நுனிக்கு நேரே, நீண்ட வாலோடு அது சுடர்விட்டது.

"அக்கா! வந்துடுச்சு!"

"பிரகாசம் எப்படிடா? பக்கத்து நட்சத்திரத்தைவிட அதிகமா?"

"எல்லாத்தையும் தூக்கி அடிக்குதுக்கா!"

பிறந்ததிலிருந்து ஒளியையே அறியாத அவள் கண்கள் நிறைந்து வழிந்தன.