மூன்றாவது வரிசையின் இரைச்சல்

என் மாமியாருக்கு மட்டும் ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருந்தாள் ஒகுமுரா.

பல்கலைக்கழகத்தில் மொழியியல் ஆய்வு செய்கிற பெண். ஒசாகா வானொலிக்காக வாராவாரம் நானும் யாசுஹிதேயும் அரங்கத்தில் ஆட்கள் முன்னால் பேசுகிற நகைச்சுவை நிகழ்ச்சிதான் அவளுடைய ஆய்வுப் பொருள். நான் அசட்டுத்தனமாக எதையாவது சொல்வேன். யாசுஹிதே திட்டுவான். எங்கள் கலை அவ்வளவுதான்.

நிலையத்துக்குக் கீழே உள்ள காபிக் கடையில், ஒலிப்பதிவுக்குச் சற்று முன்னால் அவளை வரச் சொல்லியிருந்தேன்.

யாசுஹிதேயையும் வரச் சொல்லியிருந்தேன், முக்கியமான ஒன்று சொல்ல வேண்டும் என்று. இன்றோடு நான் நிறுத்திக்கொள்கிறேன் என்பதுதான் அது.

என் சிரிப்புக் கடையை மூடுவதற்கு முன் இத்தனை காலம் என்னதான் விற்றோம் என்று தெரிந்துகொள்ள ஆசை. அதனால்தான் ஒகுமுராவுக்குச் சம்மதித்தேன்.

அவள் ஒரு பக்கத்தைத் திருப்பி எனக்கு நேராக வைத்தாள். என் வசனம் அங்கே படுத்திருந்தது, அறுவை மேசைத் தவளைபோல.

'மாமியார் ரயிலில் தூங்கிட்டாங்க. இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டு ஹிமேஜி வரைக்கும் போயிட்டாங்க. பாவம், நான் எழுப்பவே இல்ல.'

அதன் கீழே யாசுஹிதேயின் வசனம். 'பக்கத்துலயே உட்கார்ந்திருந்தியாடா!'

இரக்கச் சொல் முன்னால் வருவதால் குற்றம் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது என்று விளக்கினாள். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அந்த வசனம் எனக்கு ஷேவ் செய்துகொண்டிருந்தபோது தோன்றியது.

"ஆனா தெய்ஜி சார், வசந்த காலத்துலேருந்து உங்க பாணியே மாறிடுச்சு. 'பாவம்'னு சொல்லிட்டு அப்படியே நிக்கறீங்க. அந்த மௌனம்தான் என் ஆய்வோட மையம். அதுக்குக் 'காத்திருப்பு உத்தி'ன்னு பேர் வச்சிருக்கேன்."

நான் ஆழமாகத் தலையசைத்தேன். உத்தி என்றால் உத்திதான்.

உண்மை வேறு. வசந்த காலத்திலிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் வந்து உட்கார்கிறாள். மூக்கையும் வாயையும் மறைக்கிற முகமூடி போட்டவள். அரங்கமே விசிறியும் கையுமாக ஆடிச் சிரிக்கும்போது அவள் மட்டும் இமைக்காமல் என்னையே பார்ப்பாள். 'பாவம்' என்பேன். அவள் கண்ணைப் பார்ப்பேன். அடுத்த வார்த்தை மறந்துபோகும்.

வீட்டில் நான் பேசுவதில்லை. புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்திருப்பேன். அணைத்துப்போட்ட ரேடியோ என்பாள் மனைவி. பேச்சு வருகிற ஒரே இடம் அந்த மேடை. அங்கேயும் ஒரு ஜோடிக் கண்கள் வந்து அணைத்துவிட்டன. அரங்கம் முழுக்கச் சிரித்தால் என்ன? மற்றவர்கள் பழக்கத்தால் சிரிக்கிறார்கள், அவள் ஒருத்திதான் உண்மையாகக் கேட்கிறாள் என்று தோன்றிவிட்டது. தோன்றினால் தோன்றியதுதான். நான் அப்படிப்பட்ட ஆள்.

"நானே பதிவு பண்ணினது இருக்கு, கேக்கறீங்களா?" என்றாள் ஒகுமுரா.

காபியை முடித்துவிட்டு, பையிலிருந்து முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

எல்லோரையும் முகமூடியைக் கழற்றினால் அடையாளம் தெரியும். இவளை மாட்டியபோது தெரிந்தது.

அதே கண்கள்.

"மூணாவது வரிசையா?" என்றேன்.

"ஆமா சார்! எப்படித் தெரியும்? மடியிலதான் கருவியை வச்சிருப்பேன். என் சத்தம் பதிவுல விழுந்துடக் கூடாதுன்னு முகமூடி. அதுவும் சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான். அலசி அலசிப் பாத்ததுல எனக்கு இப்பல்லாம் சிரிப்பே வர்றதில்ல."

என்னை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்ட ஒரே ஆளுக்குச் சிரிப்பே வருவதில்லை. நல்லது. யாசுஹிதேயிடம் சொல்வது இனி சுலபம்.

எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் ஒரு இயர்போனை நீட்டிவிட்டாள். மரியாதைக்கு வாங்கி மாட்டிக்கொண்டேன்.

என் குரல். 'பாவம்.' மௌனம். மறதியின் முழு நீளம். 'நான் எழுப்பவே இல்ல.'

ஸ்ஸ்.

பிறகுதான் யாசுஹிதே. அதற்கும் பிறகுதான் அரங்கத்தின் சிரிப்பு.

அடுத்த வசனம். ஸ்ஸ். அதற்கடுத்தது, எனக்கே பிடிக்காத ஒன்று. ஸ்ஸ், ஸ்ஸ்.

"என்ன சத்தம் அது?"

"அதுவா? மன்னிச்சுக்குங்க, சுத்தம் பண்ணாத பதிவு. அரங்கத்து ஏசி சார். பழசு போல. சத்தம்தான் வருது, குளிரே இல்ல. ஒவ்வொரு பதிவுலயும் அதை நீக்கறதுக்குள்ள உயிர் போயிடுது."

 இன்னொரு முறை போடச் சொன்னேன். இன்னும் ஒரு முறை.

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு யாசுஹிதே வந்து நின்றான். காலையிலிருந்து எதையோ எதிர்பார்த்துப் பயந்திருக்கிறான் என்று முகமே சொன்னது.

"டேய், நேரமாச்சு. ஏதோ முக்கியமா சொல்லணும்னியே, சொல்லித் தொலை."

இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அவசரப்படவில்லை. காத்திருப்பு உத்தி.

"மூணாவது வரிசையில ஏசி சத்தம் போடுதாம். பாவம், அதை யாரும் சரிபண்ண வேணாம்னு சொல்லிடு."

யாசுஹிதேயின் உள்ளங்கை வழக்கம்போல என் பின்மண்டையில் விழுந்தது.

"பதிவு நடக்கும்போது ஏசியை அணைச்சுதானேடா வைப்பாங்க, முட்டாளே! விசிறி எதுக்குக் குடுக்கறாங்க?"

ஒகுமுரா இமைக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகமூடிக்குள்ளிருந்து ஸ்ஸ் என்றது.

காபிக் கடையின் ஏசியாகவும் இருக்கலாம்.