மருதையின் வயிற்றுவலி

திருவெள்ளறை மருதையின் வயிற்றில் வலப்பக்கமாக டாக்டர் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்கும்ங்க. சாப்பிட்ட உடனே சுருண்டு படுக்க வச்சிடும். மூணு மாசமா இருக்கு."

"இத்தனை நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"வெளியிலயே சொல்லலைங்க."

டாக்டர் திட்டிவிட்டு, வயிற்று ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை தென்னூர் ஸ்கேன் சென்டரில் மருதையும் மனைவி ரெங்கம்மாளும் காத்திருந்தார்கள்.

"மருதை, ஆண், ஐம்பத்திரண்டு வயசு. உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ரெங்கம்மாள் எழுந்தாள்.

நர்ஸ் சீட்டை மறுபடி பார்த்தாள்.

"ஆம்பளை டாக்டர் தொடக் கூடாதுங்கிறா. சீட்டு இல்லாம நீங்க எடுக்க மாட்டீங்க" என்றார் மருதை. "அதான் இவளுக்குப் பதிலா என் வயித்தைக் காட்டிச் சீட்டு வாங்கிட்டு வந்தேன்."