கிரெஸ்டனின் கண்கள்

"நாளைக்குக் காலைல நாம கடலுக்குப் போறோம், அண்ணே! நீங்க, நான், பேராசிரியர். மூணே பேர்," என்றான் ஓவியன் தோர்வால்ட்.

கிரெஸ்டன் வாயிலிருந்த புகைக்குழாயை எடுத்தார்.

"காத்து சரியில்லையே, தம்பி."

"காத்தே அடிக்கலையே!"

"அதைத்தான் சொல்றேன். படகு எப்படி ஓடும்?"

"துடுப்புப் போடலாம்."

"முட்டி வலிக்குது."

"துடுப்பை நான் போடறேன். நீங்க சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா போதும். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

வாசலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சிட்ஸல், ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். புருஷனை நினைத்துக் கவலைப்படுகிறாள் போலிருக்கிறது என்று தோர்வால்ட் நினைத்துக்கொண்டான்.

அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. டென்மார்க்கின் இந்த வடகோடிக் கரைக்குக் கோபன்ஹேகனிலிருந்து பன்னிரண்டு கோடைகளாக வருகிறான். கண்ணெதிரே ஆள் நிற்காமல் மீனவனை வரைவதில்லை, அதுவும் பகல் வெளிச்சத்தில்தான் என்று ஒரு வைராக்கியம். இதுவரை பதினான்கு பெரிய படங்கள். எல்லாவற்றிலும் நாயகன் கிரெஸ்டன்தான். புயலில் சுக்கான் பிடிக்கும் கிரெஸ்டன், வலை இழுக்கும் கிரெஸ்டன், மூழ்கியவனைத் தோளில் தூக்கிவரும் கிரெஸ்டன். அந்த நரைத் தாடியும் தாடைக்கட்டும் வேறு யாருக்கு வரும்?

மனிதர் ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டார். தோர்வால்ட் சாயம் குழைக்கிற இடைவெளியில் அவன் கோட்டில் கழன்ற பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, மறுபடி போய் நிற்பார். வலை பின்னிய விரல்கள் அல்லவா என்று தோர்வால்டுக்கு மெய்சிலிர்க்கும்.

ஆனால் பதினான்கில் ஒன்றுகூடக் கண்காட்சிச் சுவர் ஏறவில்லை. பதினைந்தாவதும் திரும்பி வந்தால், மாமனாரின் சோப்புக் கம்பெனியில் லேபிள் வரையவேண்டியதுதான். மாமனார் மேஜை, நாற்காலி எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டார்.

கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர் லுண்ட்கோர்ட் இன்று காலை வந்திறங்கினார். அலையோரம் நிறுத்திய படகில் கிரெஸ்டனை உட்காரவைத்து வரைந்த அந்தப் பதினைந்தாவது படத்தை அரைமணி நேரம் பார்த்தார்.

"அலை சரி, படகு சரி. இப்படிக் கண்ணைப் பிதுக்கற இந்த ஆள் யாரு? நாடகக் கொட்டகைல பிடிச்சியா?"

"ஐயோ, இந்த ஊர்க்காரர், சார்!"

"பட்டணத்து மாடலுக்குத் தண்ணி ஒட்டாத எண்ணெய்ச் சட்டை மாட்டிவிட்டு மீனவன்னு கொண்டுவந்து தர்றாங்கப்பா. முப்பது வருஷமா ஏமாந்துட்டேன். நாளைக்கு இவரோட கடலுக்குப் போவோம். அலை நடுவுல இவர் முகம் இதே மாதிரி இருந்தா படம் கண்காட்சிக்குப் போகும். இல்லேன்னா உன் மாமனாருக்கு என் வாழ்த்தைச் சொல்லு."

மறுநாள் காலை பத்து மணி. ஊர்ப் படகுகள் எல்லாம் இருட்டோடு போய்விட்டிருந்தன. சிட்ஸலின் தம்பியுடைய பழைய படகு ஒன்றுதான் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு கிடந்தது. வழியனுப்ப ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஒருத்தி முகத்திலாவது கவலை இருக்கவேண்டுமே!

கிரெஸ்டன் பேராசிரியரை மேலும் கீழும் பார்த்தார்.

"கோட்டு தோள்ல ஒரு விரல் தூக்கி நிக்குதுங்க. கழட்டிக் குடுங்க, ஒரு மணி நேரத்துல... கடலுக்கு மத்தியானம் போயிக்கலாமே?"

"அண்ணே, ஏறுங்க!" என்று தோர்வால்ட் கெஞ்சினான்.

கிரெஸ்டன் அவனையே ஒரு கணம் பார்த்தார். பன்னிரண்டு வருடப் பழக்கம் வென்றது. கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். பேராசிரியரும் ஏறினார். தோர்வால்ட் படகைத் தள்ளிவிட்டுத் தாவினான்.

முதல் அலை வந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத அலைதான். படகு லேசாக எழும்பித் தணிந்தது. கிரெஸ்டன் சுக்கானை விட்டுவிட்டுப் பாய்மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். முகம் மாவாய் வெளுத்தது. கண்கள் பிதுங்கி, ஆழ்கடலை வெறித்தன.

தொலைந்தேன் என்று தோர்வால்ட் தலையில் கைவைத்தான். சோப்பு வாசனை மூக்கில் ஏறியது.

"நிறுத்து!" பேராசிரியர் கத்தினார். "அதே கண்ணுப்பா! அச்சு அசல் படத்துல இருக்கிற அதே கண்ணு! இது நடிச்சு வர்றதில்ல. கடலோட கோரத்தை வாழ்க்கை முழுக்கப் பார்த்தவனுக்குத்தான் இந்த மரியாதை கலந்த பயம் வரும். நடுச்சுவர்ல மாட்டறேன்! இப்ப என்னைக் கரைல விடு, வயித்தைப் புரட்டுது."

நண்பகலில் பேராசிரியரின் வண்டி புறப்பட்டுப்போனது. தோர்வால்ட் கிரெஸ்டன் வீட்டுக்கு ஓடினான். அவர் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"எத்தனை புயலைப் பார்த்த கண்ணு, அண்ணே இது! நாப்பது வருஷமா கடல்ல என்னென்ன அனுபவிச்சீங்களோ!"

கிரெஸ்டன் பரிதாபமாக மனைவியைப் பார்த்தார். சிட்ஸல் சூடான காப்பியை நீட்டியபடி சொன்னாள்:

"கடலா? இன்னிக்குத்தான் தம்பி இவரு மொதமொதலா நகர்ற படகுல உக்காந்திருக்காரு! குளிர்காலத்துல வீடு வீடாப் போயி துணி தைக்கற ஊர்த் தையக்காரரு இவரு. பகல் வெளிச்சத்துலதான் மீனவனை வரைவேன்னு நீங்க ஒத்தக்கால்ல நின்னா, அந்நேரத்துக்குக் கரைல வேற எந்த ஆம்பளை இருப்பான்?"